பொடி ஒட்டாத காந்தம்

மெக்கானிக் சங்கத்துப் பையன்கள் நாலு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். "காந்த மேஸ்திரின்னா இந்த ஊர்ல யாருக்குத்தாங்க தெரியாது? புதுசா தொழிலுக்கு வர்றவங்களுக்கு உங்க அனுபவத்துல நாலு நல்ல வார்த்த எழுதிக் குடுங்க" என்று ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போனார்கள். நல்ல வார்த்தை என்னிடம் எதுவும் இல்லை தம்பிகளே. ஒரு போல்ட் இருக்கிறது. இதை எழுதும்போது அது மேசைமேல்தான் கிடக்கிறது.

நீங்கள் இப்போது காந்தம் வைத்த போல்ட்டைக் கடையில் பெட்டியோடு வாங்குகிறீர்கள். பழைய ஆயிலைத் திறந்து விட்டு, போல்ட் முனையில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பசையைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடி மாட்டி விடுகிறீர்கள். அந்தப் பசையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் பெயர் வாங்கினேன், அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மனுஷனின் பெயரைக் கெடுத்தேன். இதைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காவிட்டால் இத்தோடு நோட்டை மூடிவிடுங்கள்.

எழுபதுகளில் திருத்தணியில் ஸ்கூட்டர் வைத்திருப்பது சாதாரண விஷயம் இல்லை. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டியாக இருக்கும். ஒரு பேரிங் போனால் மெட்ராஸுக்கு ரயிலேறிப் போய்த்தான் வாங்கி வர வேண்டும், போன அன்றே கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. அதனால் வண்டிக்காரன் எங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உள்ளே எதுவும் உடைவதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடு என்பான். உடைந்த பிறகு சொல்ல மெக்கானிக் எதற்கு?

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. முதலாளி, நான், முனிரத்தினம், மூன்றே பேர்தான். முதலாளியின் பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். முனிரத்தினமும் நானும் ஒரே வயசு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், கடையில் எந்த மொழியிலும் அதிகம் பேச மாட்டான். அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த வண்டியில் ஆயில் இறக்கினாலும் அதில் இரண்டு விரலைத் தோய்த்து, கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பான். தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். "ஆயில் ஜோசியம் பாக்கறாரு ஐயா" என்று நான் கிண்டல் செய்வேன். அவனும் சிரிப்பான்.

அந்தக் காலத்து ஸ்கூட்டரில் பெட்ரோலோடு கலக்கும் ஆயில் தனி. இன்ஜினுக்கு அடியில் கியர், பேரிங் எல்லாம் முழுகிக் கிடக்கும் ஆயில் தனி. நான் சொல்வது இந்த இரண்டாவது ஆயில். இரும்பும் இரும்பும் உரசினால் பொடி உதிரும், உதிர்ந்த பொடி அந்த ஆயிலிலேயே சுற்றிச் சுற்றி மிச்சம் இருக்கிற இரும்பையும் தின்னும்.

திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிற சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவர் எரிந்துபோன ஸ்பீக்கர் ஒன்றை எங்கள் கடையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்த காந்தத்தைக் கழற்றி நட்டு, வாஷர் ஒட்டி வைக்கிறதற்காகப் பலகைமேல் வைத்திருந்தோம். ஒருநாள் அது கை தவறி பழைய ஆயில் தட்டில் விழுந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் சுற்றிலும் தாடி முளைத்த மாதிரி இரும்புப் பொடி. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு இரும்பா இந்த வண்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது?

அடுத்த தெரு லேத் பட்டறையில் ஆயில் போல்ட்டின் முனையில் குழி போட்டு, காந்தத்தை உடைத்து ஒரு துண்டை அந்தக் குழியில் வைத்து, இரண்டு டியூப் கலந்து பூசுகிற பசையால் ஒட்டினேன். பசை காய ஒரு முழுநாள் ஆகும். காய்ந்தால் கல் மாதிரி பிடித்துக்கொள்ளும். முதலில் முதலாளியின் வண்டிக்கே மாட்டினேன். இரண்டு மாதம் கழித்துக் கழற்றினால் முனையில் மை மாதிரி பொடி. அவருக்கு வாயெல்லாம் பல்.

கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு ஹெட்மாஸ்டர் வருவார். அவர் வண்டி போல்ட்டைக் கழற்றியபோது பொடிக்கு நடுவில் ஊசி ஊசியாக இரும்புச் சிலாம்பு மினுமினுத்தது. பொடி என்றால் தேய்மானம், அது எல்லா வண்டியிலும் உண்டு. சிலாம்பு என்றால் எதுவோ உடைகிறது. "சார், வண்டிய இன்னைக்கு எடுத்துகினு போவாதீங்க" என்றேன். பிரித்தால் பேரிங்கின் கூடு மூன்று துண்டு. இன்னும் பத்து மைல் ஓடியிருந்தால் சக்கரம் பிடித்துக்கொண்டு ஆளைத் தூக்கி எறிந்திருக்கும். அவர் பள்ளிக்கூடத்தில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், மலைமேல் சாமி கும்பிட வந்தவர்களிடம்கூடச் சொன்னார். முதலாளி பெயின்டரைக் கூப்பிட்டு, "காந்த போல்ட் இங்கு பொருத்தப்படும்" என்று போர்டு எழுதி, பக்கத்தில் ஒரு காந்தத்தையும் வரையச் சொன்னார். என் பெயர் கன்னியப்பன் என்பது அதோடு மறந்துபோய், ஊருக்கு நான் காந்த மேஸ்திரி ஆனேன்.

அப்புறம் எனக்குத் தலைகால் புரியவில்லை, சொல்லிவிடுகிறேன். வண்டிக்காரர்கள் வந்து, "மேஸ்திரி, காந்தம் இன்னா சொல்லுது?" என்று கேட்பார்கள். நான் போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கொஞ்சம் காக்க வைத்துத்தான் பதில் சொல்வேன். வண்டியை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் விட்டுப்போயிற்று. இறக்கிய ஆயிலை நான் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. முனிரத்தினம் மட்டும் விரலால் தேய்த்துப் பார்ப்பதை விடவில்லை. "காந்தம் இருக்கும்போது இன்னாத்துக்குடா கைய அழுக்காக்கிக்கற?" என்பேன். "கைதானே, கழுவிக்கலாம்" என்பான்.

பொதட்டூர்பேட்டை ஜெயவேலு இந்தச் சமயத்தில்தான் எங்களிடம் வர ஆரம்பித்தார். லுங்கி வியாபாரி. அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்து, நெய்த லுங்கியை ஸ்கூட்டரிலேயே பின்னாலும் முன்னாலும் கட்டிக்கொண்டு அலைவார். அந்த வண்டி மாடு மாதிரி உழைத்தது. அதன் போல்ட்டில் எப்போதும் நல்ல கனமாகப் பொடி இருக்கும்.

சித்திரை மாதம் ஒருநாள் மத்தியானம் அவர் வண்டிக்கு ஆயில் மாற்றும்போது போல்ட்டில் காந்தத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது. பசை விட்டுப்போயிருந்தது. மறுபடி ஒட்டினால் நாளைக்குத்தான் வண்டி கிடைக்கும் என்றேன்.

"ஐயய்யோ, அரக்கோணத்துல பார்சல் போடணும் மேஸ்திரி. வண்டி இல்லன்னா நான் செத்தேன். ஏதாச்சும் பண்ணுங்க."

காந்தம் இல்லாத சாதா போல்ட்டை மாட்டி அனுப்பியிருக்கலாம். சின்னப் பிள்ளை கூட அதைத்தான் செய்திருக்கும். ஆனால் போர்டில் காந்தம் வரைந்து வைத்திருக்கிற கடையில் சாதா போல்ட் மாட்டுவதா? லேத்துக்குப் பக்கத்தில் கேஸ் வெல்டிங் இருந்தது. அங்கே கொண்டுபோய்ப் பித்தளை வைத்து ஒட்டச் சொன்னேன். போல்ட்டும் காந்தமும் செக்கச்செவேல் என்று பழுத்தன. தண்ணீரில் போட்டு எடுத்து, அரம் போட்டு வழித்து, மாட்டி விட்டேன். இனிமேல் பசை விடுமே என்ற கவலை இல்லை, எல்லா போல்ட்டையும் இப்படியே செய்துவிடலாம் என்று நினைத்து எனக்கு நானே சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

காந்தத்தைப் பழுக்கக் காய்ச்சினால் அது செத்துப்போகும். இப்போது உங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வீர்கள். எனக்கு அது தெரியாது. தெரியாததுகூட குற்றம் இல்லை. மாட்டுவதற்கு முன்னால் ஒரு ஆணியைத் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு நொடி வேலை அது.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் ஜெயவேலு மறுபடி வந்தார். கிருத்திகை சமயத்தில் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவடி எடுத்து வருகிற கூட்டத்தில் தெருவில் கால் வைக்க முடியாது, எங்கள் கடையில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. முனிரத்தினம் ஆயில் இறக்கினான். நான் போல்ட்டை வாங்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டுப் பொடி இல்லை.

"ஜெயவேலு, உங்க இன்ஜின் தங்கம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "கிருத்திகைக்கு எங்க பாவாவ, அக்கா வூட்டுக்காரர, இட்டுகினு வரணும் மேஸ்திரி. வேண்டுதல். நம்பிப் போலாமில்ல?"

"தாராளமா போங்க."

முனிரத்தினம் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிட்டான். விரலை நீட்டினான். "கன்னியப்பா, நறநறங்குது. தொட்டுப் பாரு. மூணாவது கியர்ல ஒரு சத்தமும் வருது, அவரு உள்ள ஓட்டிகினு வரும்போதே கேட்டேன். ஒரு நாள் வெச்சுகினு பிரிச்சிப் பாத்துடலாம்."

"காந்தத்துல ஒண்ணுமே இல்லையேடா."

"அதாண்டா எனக்கும் புரியல. எப்பவும் அவ்ளோ பொடி வர்ற வண்டி, இப்ப மட்டும் எப்டி சுத்தமா வரும்?"

நல்ல கேள்வி. நாற்பது வருஷத்தில் இந்தத் தொழிலில் நான் கேட்ட நல்ல கேள்வி அது ஒன்றுதான். வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்கும்போது கேட்டுவிட்டானே என்றுதான் எனக்குக் கோபம் வந்தது. "காந்தத்தவிட உன் வெரலு பெருசா? மூடிட்டு ஆயில ஊத்து" என்றேன். ஜெயவேலு சிரித்தார். முனிரத்தினம் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, அளவு பார்த்து ஆயில் ஊற்றி, போல்ட்டை முறுக்கினான்.

கிருத்திகையன்று சாமி கும்பிட்டுவிட்டு, மறுநாள் ஜெயவேலுவும் அவருடைய அக்கா புருஷன் கங்காதரனும் பொதட்டூர்பேட்டை ரோட்டில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல். பின் சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது. வண்டி சறுக்கி, ஜெயவேலு ஒரு பக்கம் விழுந்தார். கங்காதரன் விழுந்த இடத்தில் எதிரே வந்த மாட்டு வண்டியின் சக்கரம் அவருடைய வலது கால்மேல் ஏறிவிட்டது. மாட்டு வண்டிக்காரன்மீதும் தப்பு இல்லை, மாட்டை இழுத்துப் பிடிக்க அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை. மெட்ராஸுக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

கங்காதரன் அம்மையார்குப்பத்தில் குழித்தறி நெய்கிறவர். குழிக்குள் இரண்டு காலையும் விட்டு, மாற்றி மாற்றி மிதித்தால்தான் தறி ஓடும். ஒரு காலை எடுத்துவிட்டால் அந்தக் குழியில் அவருக்கு வேலை இல்லை.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரை ஒரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கினார்கள். முனிரத்தினம்தான் அடியில் படுத்து ஆயிலை இறக்கினான். தட்டு நிறைய வந்தது, ஒரு சொட்டுக்கூடக் குறைவில்லை. வெயில் பட்டு ஆயில் முழுக்க மினுமினுத்தது. பேரிங் குண்டுகளின் துணுக்கு, கியர் பல்லின் துணுக்கு எல்லாம் அடியில் தங்கியிருந்தன. அவ்வளவு இரும்புக்கு நடுவில் இருந்து வந்த போல்ட் சுத்தமாக இருந்தது. அவன் போல்ட்டோடு எழுந்து கருவிப் பலகை வரைக்கும் போனான், திரும்பி வந்து அதை என் உள்ளங்கையில் வைத்தான்.

நான் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், பாக்கெட்டில் இருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை போல்ட் முனையில் வைத்தேன். விழுந்துவிட்டது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது. ஒரு பிளேடுத் துண்டைக்கூட அது பிடித்துக்கொள்ளவில்லை. சித்திரை மாதத்து வெல்டிங் நெருப்பு அப்போதுதான் என் கண்முன் வந்தது. போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜெயவேலு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் தம்பிகளே. தொழிலில் தப்பு எல்லோரும் செய்வோம். அது நடந்து முடிந்துபோகும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கும், சில பேருக்கு ஐந்து நிமிஷம்தான் கிடைக்கும். எனக்குத் தாராளமாகவே கிடைத்தது. என்ன நினைத்தேன் என்று உண்மையைச் சொல்கிறேன். வேலை போய்விடும் என்று பயப்படவில்லை, எந்தக் கடையிலும் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள். பெண்டாட்டி பிள்ளை நினைப்பும் வரவில்லை. அந்த போர்டை இறக்கிவிடுவார்களே என்றுதான் நினைத்தேன். ஒரு மனுஷன் கால் போய் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, பெயின்டர் எழுதிய ஒரு பலகைக்காக நான் கவலைப்பட்டுக்கொண்டு நின்றேன்.

ஜெயவேலு கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார், கூட உறவுக்காரர்கள் இரண்டு பேர். சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நம்பிப் போலாம்னு சொன்னீங்களே மேஸ்திரி" என்றார், அவ்வளவுதான்.

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முன்னால் வந்துவிட்டார். அவரும் போர்டைத்தான் நினைத்திருப்பார். "இருங்க ஜெயவேலு, இன்னா ஆச்சுன்னு பாக்கலாம். ஆயில் ஊத்தனது யாரு?"

"நான்தாங்க" என்றான் முனிரத்தினம்.

"ஆயில் கம்மியா இருந்தாதான் பேரிங் இந்த மாதிரி புடிக்கும். கன்னியப்பா, இப்ப எறக்கும்போது ஆயில் கம்மியாதானே இருந்துச்சி?"

தட்டு அங்கேயே இருந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை, பார்த்தாலும் அவர்களுக்கு அளவு தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். முனிரத்தினம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆங்" என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூட முழுசாகச் சொல்லவில்லை, தலையை ஆட்டிக்கொண்டே சொன்னேன். முதலாளி முனிரத்தினத்தைப் பார்த்து, "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றார். ஜெயவேலுவின் உறவுக்காரர் ஒருவர் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அவன் கையை எடுத்துவிடக்கூட இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாளையிலிருந்துதானே வர வேண்டாம், அதனால் அன்று முழுக்க வேலை செய்தான். இரண்டு வண்டிக்குக் கிளட்ச் மாற்றினான். ஆயில் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். சாயங்காலம் தன் ஸ்பானர்களை ஒரு கோணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"கன்னியப்பா, எதுனா சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவன் போனான். போர்டு அப்படியே இருந்தது. அடுத்த வருஷம் அதற்குப் புதுப் பெயின்ட்கூட அடித்தார்கள். ஆயில் ஊற்றக்கூடத் தெரியாத ஒருத்தனை நீக்கிவிட்டார்கள், இனி அந்தக் கடையில் எல்லாம் சுத்தம் என்று ஊரில் பேச்சு. காந்தத்தை மட்டும் நான் ஒழுங்காகச் செய்தேன், அதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு போல்ட்டையும் பசை வைத்து ஒட்டி, முழுநாள் காயவிட்டு, மாட்டுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் ஸ்க்ரூடிரைவரால் தொட்டுப் பார்த்தேன். காந்தம் சுத்தமாக வந்தால் முதலில் காந்தத்தைச் சந்தேகப்படு என்று எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். பிரமாதமான புத்தி என்று பாராட்டினார்கள். அது எங்கிருந்து வந்த புத்தி என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முனிரத்தினத்துக்கு இந்தப் பக்கம் எந்தக் கடையிலும் வேலை கிடைக்கவில்லை. ஆந்திரா பக்கம் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். எண்பதுகளில், நான் தனிக்கடை போட்ட பிறகு, ஒரு வாடிக்கையாளரின் வண்டி ஆந்திரா எல்லை தாண்டி நகரியில் நின்றுபோய் அதைப் பார்க்கப் போனேன். வண்டி நின்றது ஒரு விசைத்தறிக் கொட்டகை வாசலில். உள்ளே ஒரு ஆள் ஆயில் கேனோடு தறிக்குத் தறி குனிந்து குனிந்து ஆயில் விட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தறியிலும் ஆயில் வழிந்த இடத்தில் விரலை வைத்து, கட்டை விரலால் தேய்த்தான். முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

தறிச் சத்தத்தில் பேச முடியாமல் வெளியே வந்தோம். டீ வாங்கிக் கொடுத்தான். நான் வாங்கித் தருகிறேன் என்றதற்கு விடவில்லை. பிள்ளைகள், பெண்டாட்டி எல்லாம் விசாரித்தான். கடைசியில் என்னால் தாங்க முடியவில்லை. "முனிரத்தினம், அந்த காந்தம் செத்துப்போயிருந்துச்சிடா. நான்தான் வெல்டிங் வெச்சேன்" என்றேன்.

"தெரியும்" என்றான்.

"எப்டிடா?"

"உன் கையில குடுக்கறதுக்கு முன்னாடி ஆணி டப்பாவுல உட்டுப் பாத்தேன். ஒரு ஆணி வரல."

"அப்ப ஏன்டா வாயத் தெறக்கல? உன் சட்டைய புடிச்சி ஒலுக்கனாங்களே!"

அவன் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைப் பலகைமேல் வைத்தான். "நான் சொல்லியிருந்தா, மாட்டிகினு உளர்றான்னு சொல்லியிருப்பாங்க. நீ சொன்னாதான் நம்புவாங்க. நீ சொல்லுவன்னு நெனச்சேன். சாயங்காலம் வரைக்கும் பாத்துகினு இருந்தேன்."

திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். அவன் திட்டவில்லை. "இப்பகூட போயி சொல்லேன். ஜெயவேலு கீறாரு, அவங்க பாவா கீறாரு. அவங்க நெனப்புல நான் ஒருத்தன் கால எடுத்தவனா கீறேன்" என்றான். பிறகு ஆயில் கேனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அடுத்த வாரமே போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அம்மையார்குப்பம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக. கங்காதரன் வீட்டுக்குள் தறிக்குழியில் அவர் மனைவி உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். கங்காதரன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அது அந்த ஊரில் பெண்களும் பிள்ளைகளும் செய்கிற வேலை. மகள் என்னைப் பார்த்ததும், "நைனா, காந்த மேஸ்திரி வந்துகீறாரு" என்றாள். இந்த வீட்டுக்குள்ளும் எனக்கு அதே பெயர்.

"வாங்க வாங்க, ஒக்காருங்க" என்று அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் தடுத்தேன். காபி வந்தது. "எங்க மச்சான் ஜெயவேலு இன்னிக்கும் சொல்லுவாரு மேஸ்திரி. உங்க காந்தம் நல்லாதான் சொல்லிச்சி, அந்த ஆளு ஆயில ஒழுங்கா ஊத்தியிருந்தா எனக்குக் காலு இருந்திருக்கும்னு. நீங்களே ஊத்தியிருந்தா இப்டி ஆயிருக்குமா?"

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? காபி நன்றாக இருக்கிறது என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. அந்த ஸ்டாப்பில் நின்றுகொண்டு பாக்கெட்டில் இருந்த போல்ட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போகலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன், பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

கங்காதரன் போய் வெகுகாலம் ஆகிறது. ஜெயவேலு அதற்கு முன்னாலேயே போய்விட்டார். முனிரத்தினம் நகரியிலேயே போனான் என்று அவன் மகன் காகிதம் போட்டிருந்தான், நான் சாவுக்குப் போகவில்லை. கேட்க வேண்டிய மூன்று பேரும் இல்லாமல் போன பிறகு, சம்பந்தமே இல்லாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதில் தைரியம் ஒன்றும் இல்லை, பாராட்டிவிடாதீர்கள்.

காந்தத்தைத் தொட்டுப் பார்த்து மாட்டுங்கள், ஆயிலை விரலால் தேய்த்துப் பாருங்கள் என்றெல்லாம் நான் எழுத வேண்டும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். செய்யுங்கள். அதெல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். தட்டு நிறைய ஆயில் இருக்கும்போது ஒருவர் வந்து கம்மியா என்று கேட்பார். அந்த இடத்துக்கு எந்தக் கருவியும் கிடையாது.

இந்த நோட்டோடு போல்ட்டையும் கொடுத்தனுப்புகிறேன். சங்கத்து மேசையில் போட்டு வையுங்கள். புதிதாக வருகிறவர்கள் ஒரு ஆணியை வைத்துப் பார்க்கட்டும், ஒட்டாது. இதை யார் செய்தது என்று கேட்டால் கன்னியப்பன் என்று பெயர் சொல்லுங்கள், காந்த மேஸ்திரி என்று சொல்லாதீர்கள். நகரியில் முனிரத்தினத்தின் மகன் இருக்கிறான். உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் அவனிடம் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவன் அப்பா ஊற்றிய ஆயில் அளவாகத்தான் இருந்தது.